பட்டுத் துண்டுகளில் ஒரு முகம்: ராஜரத்தினம் பிள்ளை உருவத்தைத் துணியாலேயே செய்வது எப்படி?

வடவாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாதசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றிலிருந்து துணியில் உருவப்படம் செய்ய வேண்டும். தூரிகை தொடக் கூடாது. வெட்டி, அடுக்கி, தைத்தே முகம் வர வேண்டும். முடிந்த படத்தின் அளவு 24 அங்குல அகலம், 30 அங்குல உயரம். மார்பளவு உருவம், குறுக்கே நாதசுரம்.

கையிருப்பு: திருபுவனம் பட்டுப் புடவைகளின் வெட்டுத் துண்டுகள், பருத்தி பாப்ளின், காடா, பட்டும் பருத்தியும் கலந்த பழைய கூறைநாட்டுப் புடவை ஒன்று. மெஷின் கால்மிதி உஷா, நேர்தையல் மட்டும் போடும். மாதிரிக்கு வெட்டி ஒட்டிப் பார்த்ததில் முகம் திட்டுத்திட்டாக, தேமல் விழுந்த மாதிரி வந்திருக்கிறது. தவறு துணியிலா, வெட்டிலா? முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடந்தைத்தறி எழுதியது:

தேமல் மாதிரி வருவதற்கு பெரும்பாலும் ஒரே காரணம்தான். துண்டுகளை நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். முகத்தை எழுப்புவது வெளிச்சமும் நிழலும். நிறம் எதுவாக இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும், வெளிச்ச அளவு தப்பினால் ஏற்றுக்கொள்ளாது.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. எல்லாத் துண்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பாயில் பரப்பி, போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி ஒரு படம் எடுங்கள். அரக்கும் பாட்டில் பச்சையும் நேரில் எதிரெதிர் நிறங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக நிற்கும். மாம்பழ மஞ்சளும் வெளிர் ரோஜாவும் அப்படித்தான். அந்தப் படத்தை வைத்துத் துணிகளை 5 குவியலாகப் பிரியுங்கள், மிக வெளிச்சம் 1, மிக இருட்டு 5. உங்கள் கையிருப்புக்கு என் தேர்வு: 1 சந்தனம், 2 மாம்பழம், 3 செங்கல், 4 அரக்கு, 5 நாவல்பழம். குவியல் 3-இல் செங்கலுக்குப் பதில் எம்.எஸ். நீலத்தின் வெளிர்ந்த சாயை கிடைத்தாலும் போடலாம், முகம் கெடாது.

அமெரிக்காவின் பிசா பட்லர் செய்யும் ஆளுயர உருவங்களைத் தேடிப் பாருங்கள். கறுப்பின மக்களின் பழைய புகைப்படங்களிலிருந்து எடுத்துச் செய்கிறார். தோலுக்கு ஊதா, நீலம், சிவப்பு, ஆரஞ்சு என்று எதையும் போடுவார், பூப்போட்ட ஆப்பிரிக்க அச்சுத் துணியைக்கூட. இருந்தும் அந்த முகம் உயிருள்ள மனிதராகவே நம்மைப் பார்க்கும். வெளிச்ச வரிசையை அவர் எங்கேயும் விட்டுக்கொடுப்பதில்லை. பிரிட்டனில் இயான் பெர்ரி இதற்கு மறுகோடி. ஜீன்ஸ் துணி ஒன்றை மட்டும் வைத்து, அதன் வெளுத்த நீலம் முதல் கருநீலம் வரையிலான சாயைகளிலேயே முழுப் படத்தையும் முடித்துவிடுகிறார். இருவரிடமும் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே.

இப்போது பட்டுக்கே உரிய சங்கதி. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். திருபுவனம் பட்டில் பாவு (நீளவாட்டு இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கிழை) ஒரு நிறம் என்று நெய்தது நிறைய உண்டு. மயில்கழுத்து அப்படி வந்ததுதான். அந்தத் துணியில் ஒரு துண்டை நீளவாட்டில் வெட்டி, அதே துணியில் இன்னொன்றைக் குறுக்குவாட்டில் வெட்டிப் பக்கத்தில் வையுங்கள், இரண்டு வேறு துணி என்று சத்தியம் செய்யலாம் போல இருக்கும். ஒரே நிறப் பட்டிலும் பளபளப்பு திசைக்குத் திசை மாறும். அதனால் ஒவ்வொரு துண்டின் பின்பக்கக் காகிதத்திலும் பாவு ஓடும் திசைக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். முகத்துத் துண்டுகள் எல்லாவற்றுக்கும் பாவு மேலிருந்து கீழாகவே ஓடட்டும். அவர் போட்டிருக்கும் மேல்கோட்டின் மடிப்புக்கு மட்டும் வேண்டுமென்றே திருப்பி வெட்டுங்கள். தனித் துணி இல்லாமலே ஒரு நிழல் கிடைக்கும்.

ஆரூர்க் கமலாலயம் எழுதியது:

படத்தை 5 படியாகப் பிரிப்பதை போன் செயலியே செய்துவிடுமே? அதை அப்படியே பிரதி எடுத்து வெட்டினால் போதாதா?

குடந்தைத்தறி எழுதியது:

பிரித்துக் கொடுக்கும், வெட்டக்கூடிய வடிவத்தில் கொடுக்காது. செயலிக்கு மூக்கும் தெரியாது மூக்குத் தூசியும் தெரியாது. கன்னத்தில் கடுகு கடுகாக முப்பது தீவு விழும், புருவமும் கண் இமையும் ஒட்டிக்கொண்டு ஒரே கறையாகும். அந்தப் பிரதியின் மேல் பட்டர் பேப்பரை வைத்து பென்சிலால் திரும்ப வரையத்தான் வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த தீவை விட்டுவிடுங்கள். கண்மணியில் விழும் வெள்ளைப் புள்ளி மட்டும் விலக்கு. நெற்றி, கன்னத்தின் மேடு, மூக்குத் தண்டு, மேலுதட்டுப் பள்ளம், தாடை விளிம்பு, இந்த ஐந்து இடத்தின் கோடு சரியாக வந்துவிட்டால் சாயல் வந்துவிடும். காதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு கண்ணுக்கு நடுவே பிசகினால் ஆள் மாறிவிடுவார்.

30 அங்குல உயரப் படத்தில் நெற்றி முதல் மோவாய் வரை 11, 12 அங்குலம் கிடைக்கும். அதற்கு 50 முதல் 70 துண்டு போதும். 8 அங்குலத்துக்குக் குறைந்த முகத்தைப் பட்டில் முயல வேண்டாம். வெட்டிய விளிம்பில் பிரியும் இழையே கோட்டைத் தின்றுவிடும்.

பிரதியைப் பிளான் போடும் ஜெராக்ஸ் கடையில் ஒரே தாளாக எடுங்கள், இரண்டு பிரதி. ஒன்று நேராக, ஒன்று கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி. துண்டை ஒட்டும் பசை வலையின் (ஒட்டு வலை) காகிதத்தில் வரைவது இடவலம் மாறிய பிரதியிலிருந்துதான். இதை மறந்தால் முழுப் படமும் திரும்பிவிடும். நாதசுரக்காரர் படத்தில் மேல் கையும் கீழ்க் கையும் இடம் மாறிப்போகும், வாசிக்கத் தெரிந்தவர் எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுவார்.

தேர்ச்சீலை எழுதியது:

ஒட்டு வலை என்று ஆரம்பிக்கும்போதே ஒரு வார்த்தை. நம் ஊரில் துணியை வெட்டி உருவம் தைக்கிற கலை இருக்கிறது. தேரில் தொங்குகிற தொம்பை, தேர்ச்சீலை, பந்தலுக்குக் கட்டுகிற தோரணத் துணி, எல்லாமே வெட்டுத்துணி வேலைதான். சிவப்புப் பருத்தித் துணியில் மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்புத் துண்டுகளில் யாளி, அன்னம், தாமரை. விளிம்பை உள்ளே மடித்துத் தைப்பார்கள். வெயிலில், மழையில், தேர் குலுக்கலில் நிற்கவேண்டிய துணி அது. இன்று ஒட்டுகிற பசை அடுத்த சித்திரையில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விளிம்பு மடிக்காத வேலை, தையல் இருந்தாலும், நாளடைவில் நூல் நூலாகப் பிரியும். பட்டென்றால் இன்னும் சீக்கிரம்.

என் யோசனை: 5 படியை 3 ஆக்குங்கள். துண்டுகளைப் பெரிதாக வெட்டி, 5 மில்லிமீட்டர் மடிப்புக்கு விட்டு, கையால் மறைதையல் போடுங்கள். இருட்டான இடத்தைக் கறுப்பால் துணிந்து எழுதுங்கள். ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணி, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர், 1886-இல் செய்த துணிப்படம் அங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நிழல் கிடையாது, படிகள் கிடையாது. தட்டையான துண்டுகள்தான், நம் தொம்பை மாதிரியே. கண்ணை எடுக்க முடியாது.

ஊசிமுனை எழுதியது:

ஐயா சொல்வதில் பாதி சரி, பாதிக்கு மறுப்பு உண்டு.

தொம்பை 40, 50 அடி தள்ளி நின்று, அண்ணாந்து பார்க்கிற வேலை. ஆரூர் ஆழித்தேர் 96 அடி. அதில் தொங்கும் துணியில் கண் இமைக்கு நிழல் வைத்தால் யார் பார்ப்பது? தட்டையான நிறமும் தடித்த விளிம்பும் அங்கே தேவைக்காக வந்தவை. வடவாற்றங்கரை கேட்பது கூடத்தில் 5 அடி தள்ளி நின்று பார்க்கும் படம். அதுவும் ஒருவருடைய சாயல் வரவேண்டும். 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டில் 5 மில்லிமீட்டர் மடித்தால் மடிப்பே துண்டாகிவிடும், முகம் முழுக்கப் புடைப்பு தெரியும்.

பசை விஷயத்தில் ஒரு தெளிவு. ஒட்டு வலையின் வேலை, தைக்கும் வரை துண்டு நகராமல் பிடித்திருப்பது, விளிம்பு இழையைக் கட்டி வைப்பது. படத்தைத் தாங்குவது தையல். ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் 1.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்தே ஆக வேண்டும். தைக்காமல் விட்டதுதான் இரண்டு மழைக்காலத்தில் பல்லைக் காட்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். பின்புலம், கோட்டு, தோள், இந்தப் பெரிய பகுதிகளுக்கு விளிம்பு மடித்துக் கைத்தையல். முகம், கை, நாதசுரத்தின் துளைகள், சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாக்கு), இவற்றுக்கு ஒட்டு வலையும் மெஷின் தையலும்.

கடையில் 'ஃபியூசிங்' என்று கேட்டால் சட்டைக் காலருக்குப் போடும் ஒருபக்கம் ஒட்டுவதை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேண்டாம். காகிதத்தின் மேல் பசை வலை படிந்திருக்கும், துணியில் தேய்த்து, காகிதத்தை உரித்தால் மறுபக்கமும் ஒட்டும், அப்படிப்பட்டதைக் கேளுங்கள். காலர் ஃபியூசிங் வேறு இடத்தில் உதவும், பின்னால் சொல்கிறேன்.

முதலில் அடித்துணி. காடாவை 30-க்கு 36 அங்குலம் வெட்டுங்கள், நாலு பக்கமும் 3 அங்குலம் கூடுதல். ஒரு ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சி போக அலசி, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகே வெட்டவும். நனைக்காத காடா மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் சுருங்கும். படம் முடிந்த பிறகு ஈரக்காற்றில் அது இழுத்தால் மேலே உள்ள பட்டு அலை அலையாக எழும்.

பாப்ளினில் சிவப்பு, அரக்கு, கருநீலம் இருந்தால் சாயச் சோதனை கட்டாயம். ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து சூடான இஸ்திரியால் 10 வினாடி அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் வெந்நீரில் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். உப்பு, வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். கடைத் துணிக்கு அது பலிப்பதில்லை. ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயம் வெளியேறினால்தான் நிற்கும். பட்டை நனைக்க வேண்டாம், தண்ணீர்த் தடம் நிற்கும்.

ஒட்டும் முறை: நீராவியை அணைத்துவிடுங்கள். பட்டின் மேல் மெல்லிய மல் துணி போட்டு, இஸ்திரியைப் பட்டுக்கான சூட்டில் வைத்து, இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து 6 முதல் 8 வினாடி. இழுத்தால் பட்டு கோணிக்கொள்ளும், கோணிய துண்டு மற்றதோடு பொருந்தாது. ஆறிய பிறகு காகிதத்தோடு சேர்த்து வெட்டுங்கள், வெட்டிய பிறகே காகிதத்தை உரியுங்கள். சூட்டோடு உரித்தால் பசையும் காகிதத்தோடு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் துணியை முதலில் வெறும் சூட்டில் இரண்டு முறை தேய்த்து ஈரத்தை விரட்டுங்கள். துணிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, பசைக்கு அடியில் கொப்புளம் போடும். நம் பக்கத்தில் ஒட்டு விட்டுப்போவதற்கு இது பெரிய காரணம். பசையைக் குறை சொல்வார்கள்.

அடுக்கும் வரிசைக்கு ஒரு விதி: வெளிர்ந்தது கீழே, இருண்டது மேலே. வெளிர்த் துண்டை 4 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, இருண்ட துண்டுக்கு அடியில் செருகுங்கள். மாற்றி அடுக்கினால் சந்தனப் பட்டுக்கு அடியிலிருந்து அரக்கின் விளிம்பு நிழலாகத் தெரியும். முகத்தில் காயத்தழும்பு போல ஒரு கோடு. நெற்றிப் பொட்டு, மூக்கு நுனி வெளிச்சம், இவை மேலே உட்கார்ந்தே ஆக வேண்டிய சின்ன வெளிச்சங்கள். இவற்றுக்கு மட்டும் பின்னால் அந்த ஒருபக்க காலர் ஃபியூசிங்கில் மெல்லிய வெள்ளை ரகத்தை ஒட்டி வெட்டுங்கள். அடித்துணி தெரியாது.

எல்லாத் துண்டையும் முதலில் 2 வினாடி மட்டும் தொட்டு ஒட்டுங்கள். சுவரில் சாய்த்து, 10 அடி தள்ளி நின்று, கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே முழுச் சூடு. முழுச் சூடு கொடுத்த துண்டை எடுத்தால் பட்டின் இழை சேர்ந்து வரும்.

வடவாற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி. தேமல் பிரச்சினை இப்போது புரிகிறது. செங்கலும் மாம்பழமும் படத்தில் ஒரே சாம்பலாகத்தான் விழுகின்றன. இரண்டு கேள்வி. (1) இந்த மெஷினில் துணியைத் தள்ளும் பல்லை இறக்க லீவர் இல்லை. வளைவுகளை எப்படித் தைப்பது? தையல் அடியில் நூல் கூடு கட்டுகிறது. (2) கூறைநாட்டுப் புடவை பழசு, மடிப்பில் கீறல் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

ஊசிமுனை எழுதியது:

முதல் கேள்விக்கு. பல் இறங்காத மெஷினில் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள், பல் ஏறி இறங்கும், துணியைத் தள்ளாது. பல்லை மறைக்கும் தகடு கிடைத்தால் அதைப் போடுவது இன்னும் நல்லது. பாதத்தைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் வைத்த டார்னிங் பாதம் மாட்டுங்கள். எம்ப்ராய்டரிக் கடைகளில் பாதமே இல்லாமல் ரிங் வைத்து ஓட்டுவார்கள். பழகிய கை அது. புதிதாகச் செய்கிறவர் விரலுக்கு ஆபத்து. பாதம் இல்லாவிட்டால் ஊசி ஏறும்போது துணியும் கூடவே எழும், தையல் விட்டுவிட்டு விழும்.

நூல் கூடு கட்டுவது பெரும்பாலும் டென்ஷனால் வருவதில்லை. பாதத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி மேலேயே நிற்கிறதா பாருங்கள். டார்னிங் பாதமோ வெறும் ஊசியோ இருக்கும்போது அதை இறக்க மறந்துவிடுவோம், பாதம் இல்லாதபோது எதற்கு இறக்குவது என்று தோன்றும். அது மேலே இருந்தால் டென்ஷன் தகடுகள் திறந்தே இருக்கும், மேல் நூல் பிடியில்லாமல் ஓடி அடியில் குவியும். இறக்கிவிட்டால் பத்தில் எட்டு தடவை சரியாகிவிடும். அதன் பிறகும் இருந்தால் மேல் நூலைக் கழற்றித் திரும்பக் கோத்துவிடுங்கள்.

மேலே 40 நம்பர் எம்ப்ராய்டரி நூல், பாபினில் மெல்லிய 60 நம்பர். பாபினில் மேல் நூலின் நிறத்துக்கு நெருங்கிய நிறமே போடுங்கள், அடிநூல் எங்காவது எட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஊசி 14. சரிகை கெட்டியான கரைத் துண்டில் 16. சரிகையில் ஊசி வழுக்கி வளையும், வேகமாக மிதித்தால் முறியும். பசை வலையில் தைக்கத் தைக்க ஊசியில் பிசின் ஏறும். நூல் பிசிறிப் பிசிறி அறுந்தால் முதலில் ஊசியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பிறகு டென்ஷன் பக்கம் போங்கள். முகம் முடிவதற்குள் 3 ஊசி மாற்றினால் அதிகம் என்று நினைக்க வேண்டாம்.

தையலை மூக்கிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிச்சத் துணி எல்லாம் நடுவில் சேர்ந்து கன்னத்தில் சுருக்கமாக நிற்கும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது. அடித்துணிக்குக் கீழே துவைத்துப் பழகிய மல் வேட்டி இரண்டு மடிப்பு கொடுங்கள். பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் மெத்தென்று இருக்கும், ஆனால் இஸ்திரிச் சூட்டில் படிந்துபோகும்.

விளிம்புத் தையல் முடிந்த பிறகு இன்னொரு தையல் இருக்கிறது, அதுதான் முகத்துக்கு உயிர் கொடுப்பது. இரண்டு படிகள் சந்திக்கும் கோட்டில், இருண்ட படியின் நிற நூலால், வெளிர்ந்த படிக்குள் 6, 8 மில்லிமீட்டர் நீளத்தில் கோடுகளை உள்ளே இழுத்து விடுங்கள், சீப்பின் பல் போல, ஆனால் நீளம் ஒன்றுபோல இல்லாமல். துணியில் இல்லாத நடுச் சாயையை நூல் உண்டாக்கும். கோடுகள் கன்னத்தில் கன்னத்தின் வளைவோடும், நெற்றியில் குறுக்காகவும் ஓடட்டும். ஒரே இடத்தில் நெருக்கித் தைத்தால் துணி விறைத்து உள்வாங்கும். கோட்டுக்குக் கோடு 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள்.

குடந்தைத்தறி எழுதியது:

கூறைநாட்டுப் புடவைக்கு நான் சொல்கிறேன். ஒரு அங்குல அகலத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, பாவு வாட்டில் ஒரு முறை, ஊடை வாட்டில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மெல்ல முறுமுறுவென்று சத்தம் கேட்டால் இழை இத்துப்போய்விட்டது. அதைத் தனியாகப் பயன்படுத்தவே கூடாது. பின்னால் மல் துணி ஒட்டிய பிறகு சின்னத் துண்டுகளுக்கு மட்டும் எடுக்கலாம். மடிப்பு விழுந்த கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் விட்டுவிடுங்கள். முந்தியும் கரையும் உடலைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். சரிகையின் பாரத்தில் கரையை ஒட்டிய இழைதான் முதலில் விடும்.

கலவையா, முழுப் பட்டா, செயற்கையா என்ற சந்தேகம் வந்தால் இரண்டு இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு மயிர் கருகும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். கூறைநாட்டில் பாவையும் ஊடையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இந்தச் சோதனை இஸ்திரிச் சூட்டுக்காக. பிளாஸ்டிக் இழைச் சரிகை கலந்த துண்டு பட்டுச் சூட்டிலேயே சுருண்டுவிடும்.

சரிகையைப் பற்றி ஒரு கருத்து. முகத்தில் சரிகை வேண்டாம். எந்த விளக்கு போட்டாலும் அது பளிச்சிட்டு, 4-ஆம் படியை 1-ஆம் படியாகக் காட்டிவிடும். வாத்தியத்தின் வளையங்களுக்கும், அவர் காலத்துப் படங்களில் மின்னும் கடுக்கன், மெடல் இருந்தால் அவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரூர்க் கமலாலயம் எழுதியது:

நாதசுரத்துக்கு எந்தத் துணி? அது கறுப்பு மரமாயிற்றே, கோட்டும் கறுப்பென்றால் இரண்டும் ஒன்றாகிவிடாதா?

தேர்ச்சீலை எழுதியது:

நல்ல கேள்வி. நரசிங்கம்பேட்டையில் கடையும் நாதசுரம் ஆச்சா மரம். புழங்கப் புழங்கக் கறுத்துப் போனாலும் அதன் கறுப்பில் ஒரு செம்மை இருக்கும். கோட்டுக்குக் கருநீலமோ கரும்பச்சையோ பருத்தியில் எடுங்கள், பளபளப்பில்லாமல். வாத்தியத்துக்கு நாவல்பழப் பட்டு. பருத்தியின் மங்கலும் பட்டின் மினுக்கமும் ஒரே இருட்டில்கூடத் தனித்தனியாக நிற்கும். பட்டின் பாவு வாத்தியத்தின் நீளத்தோடே ஓடட்டும், ஒரு பக்கத்தில் 3 மில்லிமீட்டர் அகலத்தில் அரக்குப் பட்டு இழைப்பட்டை ஒன்று ஓடினால் உருண்டையாகத் தெரியும். அவர் வாசித்தது நீளமான பாரி நாயனம். குட்டையான திமிரி நாயனத்தின் அளவுக்குக் குறுக்கிவிட்டால் ஆளே மாறின மாதிரி இருக்கும். படத்தில் இருக்கும் விகிதத்தை அளந்து வெட்டுங்கள். அணசு (வாத்தியத்தின் அடிவாய்) விரிகிற இடத்தை மூன்று துண்டாக வெட்டுங்கள், உள்வாய் தனியாக, அதுதான் மிக இருட்டு.

விளிம்பு மடிப்பது பற்றிக் கேட்பீர்கள் என்று எழுதுகிறேன். உள்வளைவில் 3 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு கொடுங்கள், மடிப்புக் கோட்டைத் தொடாமல் ஒரு இழை முன்னாலேயே நிறுத்துங்கள். வெளிவளைவில் வெட்டு போதாது, சின்ன முக்கோணமாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்புக்குள் துணி ஏறி மூலை மூலையாக நிற்கும். மைதாப் பசையால் மடிப்பை ஒட்டித் தைக்கும் வழக்கம் உண்டு. வீட்டில் மாட்டும் படத்துக்கு வேண்டாம். மாவு இருக்கிற இடத்துக்கு இராமபாணப் பூச்சி வரும். பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்பது பைண்டிங் கடைக்குச் சரி, பட்டில் பச்சைக் கறை இறங்கும். நூலால் ஓட்டுத்தையல் போட்டு மடித்து, முடிந்ததும் பிரித்தெடுங்கள்.

கருப்பூர்_கலம் எழுதியது:

புருவம், மீசை, தலைமுடிக் கோடுகளுக்கு எல்லோரும் நூல் சொல்கிறீர்கள். கலம்காரி மையில் அந்தக் கோடுகளை மட்டும் துணியிலேயே எழுதி, பிறகு வெட்டி வைத்தால் என்ன? கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோடு எழுதும் கை இருக்கிறதே. தூரிகை வேண்டாம் என்றார் கேட்டவர், கலம் என்பது மூங்கில் எழுதுகோல், தூரிகை ஆகாது.

குடந்தைத்தறி எழுதியது:

அழகான எண்ணம், பருத்தித் துண்டில் மட்டும் செய்யலாம். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியாக இருக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு இரும்பு மையைக் கறுப்பாக்கும், பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். ஊட்டாத பாப்ளினில் எழுதினால் புருவம் கம்பளிப்பூச்சியாகும். எழுதி, உலர்ந்து, அலசி முடித்த பிறகே ஒட்டு வலை. ஒரு எச்சரிக்கை: துருவும் வெல்லமும் புளித்த இரும்புக் கறுப்பு, ஆண்டுகள் போகப் போகத் துணி இழையை அரிக்கும். பழைய கலம்காரித் துணிகளில் மற்ற நிறம் நிற்க, கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் உதிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். மெல்லிய கோட்டுக்குச் சரி. முடி முழுவதையும் அதில் நிரப்பாதீர்கள்.

இன்னொன்று. வண்ணம் தொட்டால் துணிக்கலை ஆகாது என்று கோடு கிழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் முகங்களைக் கித்தானில் தீட்டி, சுற்றிலும் துணி ஒட்டுகள் வைத்துத் தைத்தார். அவை மகத்தான வேலைகள். ஆனால் இந்தப் படத்துக்கு நூலே பொருத்தம். வண்ணம் பட்டின் மினுக்கத்தைக் கொன்று, அந்த இடம் மட்டும் செத்துத் தெரியும்.

ஊசிமுனை எழுதியது:

கண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சேர்க்கிறேன். கண் வெள்ளைக்கு வெள்ளைத் துணி வைக்கவே கூடாது. முகத்தில் வேறெங்கும் இல்லாத பளிச்சென்ற வெள்ளை, பொம்மைக் கண் ஆகிவிடும். 2-ஆம் படியிலிருந்து ஒரு சாம்பல் கலந்த துண்டு, அதன் மேல் பாதியில் இமையின் நிழலுக்கு 3-ஆம் படி. கண்மணி 5-ஆம் படி, மேல் இமைக்குள் மூன்றில் ஒரு பங்கு மறைந்திருக்கட்டும். முழு வட்டமாகத் தெரிந்தால் பயந்து பார்ப்பது போல இருக்கும். வெளிச்சப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில், 2 மில்லிமீட்டர், வெட்டாமல் கையால் வெள்ளைப் பட்டு நூலில் மூன்று நான்கு குத்து. மெஷினில் முயன்றால் ஒரு தையல் தள்ளினால்கூட மாறுகண் ஆகும்.

வாசிக்கும்போது எடுத்த படமென்றால் கன்னம் உப்பி, உதடு சீவாளியைக் கவ்வியிருக்கும். உப்பிய கன்னத்தின் வெளிச்சம் நடுவில் இருக்காது, கண்ணுக்குக் கீழே மேலேறி நிற்கும். அந்த 1-ஆம் படித் துண்டைப் பிறைபோல வெட்டுங்கள்.

படத்தின் உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படத்துக்கு வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை என்பது 2012 வரை இருந்த சட்டம், அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவர் காலமான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். படம் யார் எடுத்தது, எப்போது வெளியானது, உரிமை முடிந்ததா என்று உறுதியாகத் தெரிந்தபின் கண்காட்சிக்கு அனுப்பலாம்.

வடவாற்றங்கரை எழுதியது:

கடைசியாக ஒன்று. மாட்ட வேண்டிய சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர், மழையில் உப்பு பூக்கும். கண்ணாடிச் சட்டம் போடலாமா? மாட்டாத காலத்தில் மடித்து வைக்கலாமா?

தேர்ச்சீலை எழுதியது:

மடிக்கவே வேண்டாம் தம்பி. பட்டு மடிப்பில்தான் விடும். 4 அங்குலக் குழாயில் துவைத்த வேட்டியைச் சுற்றி, அதன்மேல் படத்தின் முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி உருட்டுங்கள். முகம் உள்ளே இருந்தால் அடுக்குகள் நெருங்கி முன்பக்கம் சுருக்கம் விழும், வெளியே இருந்தால் சுருக்கம் பின்பக்கம் போகும். மேலே இன்னொரு வேட்டி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். வசம்பைத் துணி முடிச்சாகக் கட்டிப் பக்கத்தில் வைக்கலாம், பட்டில் படாமல். பாச்சை உருண்டை வைத்தால் சரிகைக்கு எட்டவே வைக்கவும். தை பிறந்ததும் எடுத்து நிழலில் ஒரு பகல் காற்றாட விடுங்கள்.

சுவருக்கு: படத்தின் பின்னால் மேலோரத்தில் 3 அங்குலக் காடாப் பட்டையைக் குழல் போலத் தைத்து, உள்ளே வழவழப்பான மரக்கோல் செருகித் தொங்கவிடுங்கள். கோலின் இரண்டு முனையிலும் ஒரு அங்குல மரக்கட்டை வைத்தால் துணி சுவரைத் தொடாது, பின்னால் காற்று ஓடும். உப்பு பூக்கும் சுவரில் வெறும் ஆணியில் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் பின்துணியில் வெள்ளை வளையம் வரும்.

கண்ணாடி போடுவதானால் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளிப் பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டி வைத்தால் ஐப்பசியில் கண்ணாடி உள்பக்கம் வியர்க்கும், அந்த ஈரம் நேரே பட்டில் இறங்கும். தெற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். முதலில் வெளுப்பது உங்கள் 3-ஆம் படியாகத்தான் இருக்கும், அது போனால் கன்னம் தட்டையாகிவிடும்.

ஊசிமுனை எழுதியது:

குழலைத் தைக்கும்போது மேல்பக்கத் துணியைக் கால் அங்குலம் தளர்வாக விடுங்கள். இறுக்கித் தைத்தால் கோலின் உருண்டை முன்பக்கம் தலைக்கு மேலே ஒரு மேடாகத் தெரியும். முழுக்கக் கைத்தையலில், அடித்துணியை மட்டும் பிடித்துத் தையுங்கள். ஊசி முன்பக்கத்துப் பட்டுக்கு வரக் கூடாது.